திண்ணைப் பாடகர்



அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் துயரையும் நையாண்டியையும் பாடிப் பாடி வளர்த்த இசைக்கு ‘பிளூஸ்’ என்று பெயர். அவ்விசையில் தேர்ந்த முதியவர் ஒருவரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்பது அவர் பெயர். அவலான் என்னும் சிற்றூரில் வயலில் உழைத்தவர். கித்தாரைத் தாமே பயின்றவர்.

1928-இல் ஓக்கே கம்பெனியார் அவர் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். இசைத்தட்டுகள் அதிகம் விலைபோகவில்லை. அடுத்த ஆண்டே பொருளாதார வீழ்ச்சி வந்தது. ஹர்ட் வயலோடு நின்றுவிட்டார். இசையுலகம் 35 ஆண்டுகள் அவரை மறந்திருந்தது. ஆனால் தம் பாட்டொன்றில் ஊர்ப் பெயரைப் பாடி வைத்திருந்தார். அதையே துப்பாகக் கொண்டு, 1963-இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அவரைத் தேடிக் கண்டார். கிழவருக்கு அப்போது வயது எழுபதை ஒட்டி இருக்கும். சொந்தமாக ஒரு கித்தார்கூட இல்லை!

அதே ஆண்டு நியூபோர்ட் இசை விழாவில் பெருங்கூட்டத்தின் முன் பாடினார்.

1928-ஆம் ஆண்டுத் தட்டையும் அறுபதுகளில் எடுத்த பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தேன். குரலில் முதுமை ஏறியிருக்கிறது. கைகளோ மாறவே இல்லை. கட்டைவிரல் கீழ்ச்சுருதித் தந்திகளில் கடிகாரம்போல் தாளமிட, மற்ற விரல்கள் பாட்டைச் சொல்கின்றன. இருவர் வாசிப்பதாகவே தோன்றும். கூட்டத்திற்காகக் குரலை உயர்த்தவில்லை. வீட்டுத் திண்ணையில் அண்டை அயலாருக்குப் பாடுவதுபோலவே பாடினார். எனக்கு இதுவே பெரிய வித்தையாகப் படுகிறது.

இந்த இரண்டாம் வாழ்வு மூன்றே ஆண்டுகள்தாம். 1966 நவம்பரில், தாம் பிறந்த மிசிசிப்பி மாநிலத்திலேயே அவர் காலமானார்.