பொலிக்குறியும் பொட்டலக் குறியும்

(எழுமலையில் உழவர் குழுவினரிடையே ஆற்றிய உரை)



களத்தில் தூற்றி முடித்த தானியத்தைப் பொலியாகக் குவித்து, அதன்மேல் சாணிப்பாலோ சாம்பலோ கொண்டு குறி போட்டுவிட்டு வீடு திரும்பும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. உங்களில் மூத்தவர்கள் சிலர் அதைக் கண்ணால் கண்டிருப்பீர்கள். இரவில் எவராவது ஒரு படி அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக் கொடுத்துவிடும். இது இன்னாருடையது, இதில் வேறு கை படவில்லை என்ற இரண்டு செய்திகளை அந்தக் குறி சொல்லிற்று.

இன்று நான் பேச வந்திருப்பதும் ஒரு குறியைப் பற்றித்தான். கடையில் உங்கள் பொட்டலத்தின்மேல் இருக்க வேண்டிய குறி அது. வணிகச் சின்னம் என்றும், 'லோகோ' என்றும் சொல்வார்கள்.

பெயரில்லாத சாக்கு

இவ்வட்டாரத்து மானாவாரி நிலங்களில் சோளமும் கம்பும் குதிரைவாலியும் விளைகின்றன. சாக்கில் கட்டி வண்டி ஏற்றியவுடன் அது யார் விளைத்தது என்ற பேச்சு முடிந்துவிடுகிறது. அதே தானியம் உமி நீக்கி, கல் பொறுக்கி, அரைக்கிலோ உறையில் வேறொருவர் பெயரில் நகரத்துக் கடைக்கு வருகிறது. உமி நீக்கும் கூலி, சேதாரம், உறைச் செலவு எல்லாம் போக நிற்கும் லாபம், உறையில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே சேருகிறது. சிறுதானியம், மரச்செக்கு எண்ணெய், தேன் போன்றவற்றை உடல்நலம் கருதித் தேடி வாங்குவோர் விலையை மட்டும் பார்ப்பதில்லை. எங்கிருந்து வந்தது என்றும் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல நம் பொருளுக்கு ஒரு முகம் வேண்டும்.

உழவர்களால் இது முடியுமா என்று ஐயுற வேண்டாம். குஜராத்தில் கைரா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள் 1946-ஆம் ஆண்டு கூட்டுறவு அமைத்தார்கள். 'அமுல்' என்ற சிறு பெயரைத் தங்கள் பொருளுக்குச் சூட்டினார்கள். 1966-இல் சில்வெஸ்டர் டகுன்ஹாவின் விளம்பரக் குழுவுக்காக ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸ் வெண்ணெய் விளம்பரத்திற்கு ஒரு சிறுமியை வரைந்தார். நீலக் கூந்தல், புள்ளிச் சட்டை, சில கோடுகள், அவ்வளவே. விளம்பர வாசகம் மாறிக்கொண்டே இருந்தாலும் சிறுமி இன்றும் அவளேதான். எழுத்தறியாதவரும் அவளைக் கண்டால் பொருளை அறிவார். அந்தப் பெயர் இன்றும் உழவர் கூட்டுறவின் சொத்தாகவே இருக்கிறது.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவினர் தங்கள் குதிரைவாலி அரிசிக்குச் சின்னம் வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். நானும் ஆர்வத்தோடு உதயசூரியன், மலை, ஏர், இரட்டைக் காளை, கதிர்க்கட்டு, உழவன் குடும்பம் எல்லாவற்றையும் ஒரே வட்டத்துக்குள் அமைத்துக் கொடுத்தேன். பெரிய தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாயிரம் ஒட்டுத்தாள் அச்சடித்து அரைக்கிலோ உறையில் ஒட்டிய பிறகு, வெறும் மைக்கறையாகத் தெரிந்தது. கடைக்கு வந்த அம்மா ஒருவர், உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார். பணம் குழுவினருடையது, தவறு என்னுடையது. ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பட்ட அனுபவத்தோடு சொல்கிறேன்.

சின்னம் அமைக்கும் முறை

1. ஒரே உருவம் போதும். சிறு குழந்தையிடம் காட்டினால் குருவி, பானை, கதிர் என்று ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். கடையில் உங்கள் பொருளை அப்படித்தான் கேட்பார்கள்.

2. கட்டைவிரல் நகத்தளவு சுருக்கிப் பாருங்கள். பிறகு சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். இரண்டிலும் அடையாளம் தெரிய வேண்டும்.

3. முதலில் கறுப்பு மை ஒன்றிலேயே வரையுங்கள். சாக்கிலும் ரசீதிலும் ஒரு வண்ணத்தில்தான் அச்சிட வேண்டியிருக்கும். அதில் நிற்காத சின்னம் பல வண்ணத்திலும் நிற்காது. பிறகு ஒன்றிரண்டு வண்ணம் சேர்க்கலாம். அச்சுச் செலவும் குறையும்.

4. பெயர் சிறியதாகவும் வாயில் எளிதில் வருவதாகவும் இருக்கட்டும். பொருளின் பெயரையும் எடையையும் கொட்டை எழுத்தில் போடுங்கள். உறையில் ஒரு பகுதியைத் தெளிவாக விட்டால் தானியம் வெளியே தெரியும். அதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

5. சாக்கு, உறை, பெயர்ப்பலகை, ரசீது எல்லாவற்றிலும் அதே உருவம், அதே வண்ணம், அதே எழுத்து இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை மாற்றினால், பழகிய வாடிக்கையாளரும் நம்மை அடையாளம் காணாமல் போவார்.

6. தெய்வப் படங்களைத் தவிர்ப்பது நலம். வெற்று உறை குப்பையில் மிதிபடும். சமய உணர்வைப் புண்படுத்தக்கூடிய சின்னங்களைச் சட்டமும் பதிவு செய்யாது.

ஓர் எடுத்துக்காட்டு: இங்குள்ளோர் பலருக்கும் உங்கள் ஊர்ப் பெயரைக் கொண்டு ஏழு மலைகளை வரையத் தோன்றும். வரைந்து, நகத்தளவு சுருக்கிப் பாருங்கள்; ரம்பப் பல்போல் தெரியும். ஒரே கோட்டில் மூன்று முகடுகளை எழுப்பி, அதன்கீழ் ஒரு கதிரை வளைத்தால் சிறு அளவிலும் மலை மலையாகவே தெரியும். உருவத்தை எப்படிக் குறைப்பது என்பதற்காகவே இதைச் சொன்னேன். இதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

சட்டம் சொல்வது

வணிகச் சின்னங்கள் சட்டம் 1999-இன்படி சின்னத்தைப் பதிவு செய்யலாம். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பித்துக் கொள்ளலாம். நமக்குரிய பதிவு அலுவலகம் சென்னை, கிண்டியில் உள்ளது. இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம். வெறும் ஊர்ப் பெயரையோ, 'குதிரைவாலி அரிசி' என்ற பொருட்பெயரையோ மட்டும் தனிச் சொத்தாகப் பதிவு செய்வது கடினம். தனித்தன்மையுள்ள சொல்லோ உருவமோ வேண்டும். வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தைப் பதிவு கிடைத்த பிறகே போட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, குழுவின் சின்னத்தைக் குழுவின் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். தலைவர் பெயரில் பதிவானால், அவர் மனம் மாறி விலகும் நாளில் சின்னமும் அவரோடு போய்விடும். ஊரார் உழைத்துச் சேர்த்த நல்ல பெயரை ஒருவர் எடுத்துக்கொண்டதாக முடியும். இரண்டாவது, சின்னம் வரைந்த ஓவியரிடம் அதன் உரிமையைக் குழுவுக்கு ஒப்படைத்ததாக எழுதி வாங்குங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத கணினிக் கோப்பையும் கேட்டுப் பெறுங்கள்.

மதுரை மல்லிக்கு 2013-இல் கிடைத்த புவிசார் குறியீடு வேறு வகை. அது ஒரு வட்டாரத்தின் பொதுச் சொத்து. வணிகச் சின்னம் ஒரு குழுவின் சொத்து. அக்மார்க் முத்திரை 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தரம் பிரித்துச் சோதித்த பொருளுக்கே உரியது. சான்று பெறாமல் அக்மார்க் முத்திரையையோ 'ஆர்கானிக்' என்ற சொல்லையோ போடலாகாது. உணவுப் பொருளாதலால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், நிகர எடை, தயாரித்த நாள், தொகுதி எண், முகவரி, சைவக் குறியான பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் ஆகியவையும் உறையில் வேண்டும். சின்னத்தை இவற்றுக்கு இடம் விட்டே அமைக்க வேண்டும்.

குறிக்கு உள்ளே என்ன?

இறுதியாக ஒன்று. சாக்கில் போகும் தானியத்தில் கல் இருந்தால், யாருடையது என்று எவருக்கும் தெரியாது. உறையில் உங்கள் மலை இருந்தால், கல் கடித்தவர் அந்த மலையை மறக்கமாட்டார். கம்பு மாவு சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும் இயல்புடையது. காலம் கடந்த ஒரு பொட்டலம் போனாலும் பழி முழுக் குழுவுக்கும் வரும். ஆகவே உலர்த்துதல், கல் நீக்குதல், எடை ஆகியவற்றில் உறுப்பினர் அனைவரும் ஓர் அளவுக்குக் கட்டுப்படுங்கள். அந்த அளவை எட்டாத மூட்டை, தலைவருடையதே ஆனாலும், சின்னமின்றிச் சாக்கிலேயே போகட்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்கு உடன்படாத குழு, சின்னத்துக்குச் செலவு செய்யாதிருப்பதே மேல்.

அன்று பொலியில் குறி போட்டவர் பிறர் கை படாமல் காத்தார். இன்று பொட்டலத்தில் குறி போடும் நீங்கள் உங்கள் கையும் தவறாமல் காக்க வேண்டும். அடுத்த அறுவடைக்குள் ஒரு தாளும் கரிக்கோலும் எடுத்துக்கொண்டு குழுவாக உட்காருங்கள். முதலில் தரத்தை முடிவு செய்து எழுதுங்கள்; பிறகு படத்தை வரையுங்கள்.