சிகரெட்டை விட உதவும் சுவிங்கமும் பிளாஸ்டரும்

(கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகக் கொட்டாஞ்சேனையில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. ஊரிலிருக்கும் பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்று பலர் கேட்டதால் இங்கே தருகிறோம்.)



முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். போன முறை இதே இடத்தில் பீடி, சிகரெட், புகையிலை பற்றிப் பேசினோம். அழுகின வாய், கறுத்த நுரையீரல் என்று பெரிய பெரிய படமாகக் காட்டினோம். நீங்களும் சத்தமில்லாமல் பார்த்தீர்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தால், எதிர்க் கடை வாசலில் எட்டுப் பத்துப் பேர் நின்று புகைத்துக்கொண்டிருக்கிறீர்கள்! பயந்த மனசை ஆற்றிக்கொள்ள இன்னொரு சிகரெட். எங்களைக் கண்டதும் ஒரு தம்பி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "கெட்டதுன்னு தெரியுமுங்க. எப்படி விடுறதுன்னுதான் நீங்க சொல்லவே இல்லையே" என்றார்.

அவர் சொன்னது நியாயம். அதனால் இன்றைக்குப் படம் இல்லை. விடுவதற்கு மனிதர்கள் என்னென்ன கண்டுபிடித்திருக்கிறார்கள், அவை எப்படி வேலை செய்கின்றன என்பதை மட்டும் பேசப்போகிறோம்.

வெள்ளவத்தையில் புடவைக் கடையொன்றில் வேலை செய்யும் ஒரு பொடியனை எங்களுக்குத் தெரியும். ஹட்டன் பக்கம். பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்தவர். முதல் மாதமே அறைக் கூட்டாளிகளோடு சிகரெட் பழகிவிட்டார். அவருடைய அப்பா வெற்றிலையும் புகையிலையும் போட்டு, வாயில் புற்று வந்து, மஹரகம ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து காலமானவர். அதைக் கண்ணால் கண்ட பிள்ளைதான். இரண்டு முறை விட்டுப் பார்த்தார், முடியவில்லை. சென்னையிலிருந்து வந்த மாமா ஒருவர் நிக்கொட்டின் சுவிங்கம் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். இவர் அதை இனிப்புச் சுவிங்கம் போல வறுவறுவென்று மென்று எச்சிலை விழுங்கினார். தொண்டை எரிந்தது, விக்கல் வந்தது, வயிற்றைப் பிரட்டியது. "பொய் மருந்து" என்று குப்பையில் போட்டுவிட்டு மறுபடியும் சிகரெட் பெட்டியை எடுத்தார்.

மருந்து பொய் இல்லை. பாவிக்கும் முறையை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

புகையிலையில் நம்மைக் கட்டிப்போடும் சாமானுக்கு நிக்கொட்டின் என்று பெயர். சிகரெட்டை ஓர் இழுப்பு இழுத்தால் பத்து, இருபது விநாடிக்குள் அது மூளைக்குப் போய்விடுகிறது. இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்திலே பாதியாகக் குறைகிறது. குறைந்ததும் எரிச்சல், கோபம், வேலையில் மனம் நில்லாமை, ஒரு தவிப்பு. "இன்னொன்று கொண்டா" என்று உடம்பு கேட்கிறது. ஆனால் புற்று நோயைக் கொண்டுவருவது பெரும்பாலும் இந்த நிக்கொட்டின் இல்லை. புகையில் வரும் தாரும், புகையிலையில் உள்ள மற்ற நஞ்சுகளும்தான். இதைப் புரிந்துகொண்டவர்கள் ஒரு யோசனை செய்தார்கள். நஞ்சுகளை விட்டுவிட்டு நிக்கொட்டினை மட்டும் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுத்து, அதையும் படிப்படியாகக் குறைத்தால் என்ன?

இந்த யோசனை பிறந்தது சுவீடன் நாட்டில். 1967-இல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த கிளேஸ் லுண்ட்கிரென் என்பவர், லியோ என்ற மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த ஓவே ஃபெர்னோ என்ற விஞ்ஞானிக்கு ஒரு கடிதம் எழுதினார். கடலுக்கடியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாது. அங்கே வேலை செய்த கடற்படைக்காரர்கள் புகையிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு சமாளித்தார்கள். வாய்வழியாக வரும் நிக்கொட்டினே தவிப்பை அடக்குகிறதென்றால், புகையிலை இல்லாமல் அதை மட்டும் ஏன் கொடுக்கக்கூடாது என்பதுதான் கடிதத்தின் சாரம். ஃபெர்னோவும் நிறையச் சிகரெட் குடித்த மனிதர்தான். ஆகவே அந்தக் கடிதம் அவருக்கு உறைத்திருக்கும்.

அவர் சுவிங்கத்தைத் தேர்ந்தெடுத்தார். அதிலும் ஒரு தொல்லை இருந்தது. மென்ற மாத்திரத்தில் நிக்கொட்டின் முழுவதும் வெளியே வந்து வயிற்றுக்குப் போய்விட்டது. நம்ம வெள்ளவத்தைத் தம்பிக்கு விக்கல் வந்த மாதிரிதான். அதனால் நிக்கொட்டினை ஒருவகைப் பிசினோடு பிணைத்து, மெல்ல மெல்லத்தான் கழன்று வரும்படி செய்தார்கள். 1978-இல் சுவிட்சர்லாந்தில் முதல் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் 1984-இல்.

இப்போது தாய்மாருக்கு ஒரு கேள்வி. வெற்றிலையோடு சுண்ணாம்பு எதற்குத் தடவுகிறோம்? "சிவக்கிறதுக்கு" என்பீர்கள். அது சரி. ஆனால் புகையிலையும் சேர்த்துப் போடுகிறவருக்குச் சுண்ணாம்பு இன்னொரு வேலையும் செய்கிறது. அதன் காரத்தன்மையால் நிக்கொட்டின் கன்னத்துத் தோல் வழியாகச் சுலபமாக இரத்தத்தில் ஏறுகிறது. சுவிங்கம் செய்தவர்களும் அதே காரணத்துக்காகத்தான் காரத்தன்மையுள்ள உப்பு ஒன்றை அதிலே கலந்தார்கள். பெரிய லாபரட்டரியில் கண்டுபிடித்ததை நம்ம பாட்டிமார் வெற்றிலைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கெட்ட காரியத்துக்கு வைத்திருந்தார்கள் என்பதுதான் வருத்தம்.

பாவிக்கும் விதமும் வெற்றிலைக்காரருக்குப் புதிதல்ல. ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மெல்ல வேண்டும். கார்ப்பு, சுருசுருப்புத் தெரிந்தவுடன் மெல்லுவதை நிறுத்திக் கன்னத்தோரம் ஒதுக்கிவிட வேண்டும். சுருசுருப்பு அடங்கினதும் மறுபடி இரண்டு மெல்லு, இன்னொரு பக்கம் ஒதுக்கு. இப்படி அரை மணி நேரம். எச்சிலை மடமடவென்று விழுங்கக் கூடாது. வாயில் போடுவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்பிருந்து கோப்பி, சோடா, பழச்சாறு எதுவும் குடிக்கக் கூடாது. வாயில் இருக்கும்போதும் கூடாது. புளிப்பு இருந்தால் நிக்கொட்டின் ஏறாது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவு உண்டு. காலையில் கண் முழித்து அரை மணிக்குள்ளே முதல் சிகரெட்டைத் தேடுகிறவருக்கு 4, மற்றவருக்கு 2 என்பது பொதுவான கணக்கு. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, பிறகு குறைத்துக் குறைத்து மூன்று மாதத்தில் நிறுத்துவது. ஒரு நாளைக்கு 24-க்கு மேல் போகவே கூடாது. பல்செட்டு போட்டவர்களுக்கு இது ஒட்டிக்கொண்டு கஷ்டம் தரும்.

அவர்களுக்கு இருக்கிறது பிளாஸ்டர். இதன் கதையைக் கொழுந்து பறிக்கிறவர்கள் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். மழை நாளில் நனைந்த செடிக்குள் நின்றால் படங்கையும் தாண்டி ஈரம் உடம்பில் இறங்கும் அல்லவா? அமெரிக்காவில் புகையிலைத் தோட்டத்தில் ஈர இலை ஒடிக்கிற தொழிலாளிகளுக்கு வாந்தியும் தலைச்சுற்றும் வருவதுண்டு. அவர்கள் புகைத்ததால் அல்ல. ஈரத்தில் கரைந்த நிக்கொட்டின் தோல் வழியாக உடம்பில் ஏறிவிடுகிறது. கலிபோர்னியாவில் முர்ரே ஜார்விக், ஜெட் ரோஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கவனித்தார்கள். தோல் வழியாக நஞ்சு ஏறுமென்றால், அளந்து கொடுக்கும் மருந்தும் ஏறுமே என்று யோசித்து, 1980-களின் தொடக்கத்தில் ரோஸ் தன் தோலிலேயே தடவிப் பரீட்சை பார்த்தார். 1991-இல் அமெரிக்காவில் நிக்கொட்டின் பிளாஸ்டருக்கு அனுமதி கிடைத்தது. தொழிலாளி பட்ட நோவிலிருந்து ஒரு மருந்து பிறந்தது. அந்தத் தொழிலாளிகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பிளாஸ்டரைக் காலையில் மயிர் இல்லாத, காய்ந்த இடத்தில், புயத்திலோ முதுகிலோ ஒட்ட வேண்டும். நாளுக்கொரு இடம் மாற்ற வேண்டும். நாள் முழுவதும் சீராக நிக்கொட்டின் வரும். 21, 14, 7 மில்லிகிராம் என்று படிப்படியாக இறக்குவார்கள். பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு, தவிப்பு கூடும் நேரத்துக்கு மட்டும் சுவிங்கமும் பாவிப்பது, ஒன்றை மட்டும் பாவிப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. இருதய நோய் உள்ளவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் டொக்டரைக் கேட்காமல் இரண்டையும் தொடவேண்டாம். கழற்றின பிளாஸ்டரிலும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே இருக்க மடித்து, லயத்துப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் போடுங்கள்.

மாத்திரைகளும் உண்டு. பல்கேரியாவில் 1964 முதல், லபர்னம் என்ற மரத்தின் விதையில் உள்ள சைட்டிசின் என்ற பொருளை வைத்து 25 நாள் மாத்திரை செய்து கொடுத்தார்கள். மலிவான மருந்து, ஆனாலும் மற்ற நாடுகள் அதைக் கவனிக்கவே பல வருஷம் ஆயிற்று. அந்த மரம் விஷ மரம், யாரும் இலை பறிக்கக் கிளம்பிவிடாதீர்கள்! பியூப்ரோபியன், வரெனிக்ளின் என்ற மாத்திரைகள் பிறகு வந்தவை, டொக்டர் எழுதிக் கொடுத்தால்தான் எடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சுவிங்கத்தையும் பிளாஸ்டரையும் 2009-இலும், இந்த இரண்டு மாத்திரைகளை 2021-இலும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இவை பணக்காரர் விளையாட்டுச் சாமான் இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

"அப்ப இப்ப வர்ற கரண்டு சிகரெட்?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். அதைச் சீனாவில் ஹொன் லிக் என்ற மருந்தாளர் 2003-இல் செய்தார். விடுவதற்கு உதவும் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் நாங்கள் கொழும்பில் பார்ப்பது, ஒருநாளும் சிகரெட் தொடாத பிள்ளைகள் மாம்பழ வாசத்துக்காக அதை ஊதுவதைத்தான். அதை நாங்கள் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இனி உண்மையான கணக்கு. எந்த உதவியும் இல்லாமல் 100 பேர் ஒரு முறை விட முயன்றால், ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துப் பார்க்கும்போது விட்டபடியே இருப்பவர்கள் 3 முதல் 5 பேர்தான். சுவிங்கமோ பிளாஸ்டரோ பாவித்தால் அந்த வாய்ப்பு ஒன்றரை மடங்கு அளவு கூடுகிறது. மந்திரம் இல்லை. ஆனால் மூன்று முறை, நான்கு முறை விழுந்து எழும்புகிறவருக்கு அந்த அரை மடங்கு பெரிய கைத்தாங்கல். ஆகவே வீட்டிலே ஒருவர் விட்டு மறுபடி தொட்டுவிட்டால், "உனக்கு மனசு இல்லை" என்று திட்டாதீர்கள் அம்மா. மனசு இருக்கிறது, மூளைதான் கேட்கிறது.

வெற்றிலை போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுவிங்கம் புகையிலை ஆசைக்குத்தான். பாக்கு ஆசையை அது தீர்க்காது. புகையிலையை விட்டேன், வெறும் வெற்றிலை பாக்குத்தான் என்று நிம்மதிப்படவும் முடியாது. புகையிலை இல்லாத பாக்கும் புற்று நோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-இல் அறிவித்துவிட்டது. வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தழும்பு, மூன்று வாரமாக ஆறாத புண், மூன்று விரல் நுழைய வாய் திறக்க முடியாமை, இதில் ஏதாவது இருந்தால் பேர் போனாலும் பரவாயில்லை என்று அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுவிங்கமும் பிளாஸ்டரும் விலை கூடியவை, எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2006-ஆம் வருஷச் சட்டத்தால் உண்டான புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபை, விட விரும்புகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஒரு தொலைபேசி எண் வைத்திருக்கிறது: 1948. ஞாபகம் வைப்பது லேசு. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம், நம்ம சனத்தின் குடியுரிமை பறிபோன வருஷம். அதே சட்டப்படி 21 வயசுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட், பீடி விற்கக் கூடாது. "ஓடிப்போய் ஒரு கட்டுப் பீடி வாங்கிட்டு வாடா" என்று பேரனை அனுப்பும் தாத்தாமார் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிள்ளை ஊருக்கு வரும்போது அவர் விட்டுக்கொண்டிருக்கிறாரா என்று தனியாகக் கேளுங்கள். ஆமென்றால் முதல் மூன்று நாள்தான் கொடுமை. இரண்டு, நாலு வாரம் வரை இழுக்கும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் பின்னால் தவிப்பு வரும். சில நிமிஷத்தில் அடங்கும். அந்தச் சில நிமிஷத்துக்குத் தண்ணி தூக்கவோ விறகு பிளக்கவோ கூப்பிட்டுவிடுங்கள்.

அந்த வெள்ளவத்தைத் தம்பியை மறுபடி பார்த்தோம். ஒதுக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தோம். அவருக்கே சிரிப்பு: "அப்பா வெத்தலை ஒதுக்குற மாதிரியே இருக்குங்க" என்றார். ஐந்து வாரம் தாக்குப் பிடித்தார். பிறகு ஜம்பட்டா வீதியில் ஒரு கலியாண வீட்டில் இரண்டு சிகரெட் குடித்துவிட்டார். அடுத்த நாள் காலையில் சுவிங்கத்தை மறுபடி தொடங்கினார். நேற்று கேட்டபோது அதிலிருந்து நாற்பத்தொரு நாள் என்றார். பகலில் சமாளித்துவிடுகிறாராம். இராத்திரி ஷட்டர் இறக்கினதும் காலி வீதியில் அறைக்கு நடக்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் இன்னும் கஷ்டமாம். முன்னே எல்லாரும் பற்றவைத்துக்கொண்டு நடந்த வழி அது. இப்போது அறைக் கூட்டாளிகள் இரண்டு பேர், அவருக்காக, அறைக்குப் போய்ச் சேரும் வரை பற்றவைப்பதில்லை.