அடுப்பில் தம்மடை, கரையில் பனை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கமில்லை. மணமேல்குடியில எங்க குழு செய்யற தம்மடையைப் பத்திச் சொல்லச் சொன்னாங்க. தம்மடையைச் சொல்லணும்னா பனைமரத்தையும் சேர்த்துத்தான் சொல்லணும். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

தம்மடைன்னா என்னன்னு சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாம இருக்கலாம். நம்ம கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகள்ல ரொம்ப நாளாச் செஞ்சுட்டு வர்ற பலகாரம் அது. ரவை, முட்டை, நெய், இனிப்பு எல்லாத்தையும் கலந்து சட்டியில ஊத்தி, கீழயும் தணல், மூடி மேலயும் தணல் போட்டு வேக வைப்பாங்க. கரண்டு ஓவன் எல்லாம் வர்றதுக்கு முந்தியே நம்ம வீடுகள்ல இருந்த கேக் அது. பெருநாளைக்குப் பக்கத்து வீட்டுலேர்ந்து எங்க வீட்டுக்குத் தட்டு வரும். பொங்கலுக்கு எங்க வீட்டுலேர்ந்து பனங்கிழங்கும் கரும்பும் அங்க போகும். பேக்கரி கேக் வந்த பிறகு, தணல் போட்டுக் காத்திருக்க யாருக்கும் நேரமில்லாமப் போச்சு.

எங்க குழுவில இருக்கிற ராத்தாவோட உம்மாவுக்கு அந்தக் கைப்பக்குவம் இன்னும் இருக்கு. அவங்கதான் ஒருநாள் குழுக் கூட்டத்துல சொன்னாங்க: "நான் சின்னப் பிள்ளையில சீனி எங்கம்மா பார்த்தோம்? கருப்பட்டியைக் காய்ச்சி ஊத்தித்தான் எங்க வீட்டுல தம்மடை." அதைக் கேட்டதும் நாங்க பன்னிரண்டு பேரும், இதையே தொழிலாச் செஞ்சு பார்ப்போம்னு முடிவு பண்ணினோம்.

கடையில கருப்பட்டி வாங்கிச் செஞ்சோம். உம்மா ஒரு வாய் வச்சுட்டு, "இது சீனி கலந்த கருப்பட்டி"ன்னு தள்ளி வச்சுட்டாங்க. கருப்பட்டியை உடைச்சா உள்ள சீனி மாதிரி மினுமினுன்னு இருந்தா சந்தேகப்படணும்னு அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். சரி, காய்ச்சுற இடத்துக்கே போவோம்னு கிளம்பினோம். தேடிப் பார்த்தா, எங்க பக்கத்துல பனை ஏறுற குடும்பம் விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் இருக்கு. காலையும் சாயங்காலமும் மரம் ஏறணும், பாளை சீவணும், சுண்ணாம்பு தடவின கலயத்தைக் கட்டணும், இறக்கின பதனீரைப் புளிக்கிறதுக்குள்ள காய்ச்சணும். ஏழெட்டு லிட்டர் பதனீர் காய்ச்சினாத்தான் ஒரு கிலோ கருப்பட்டி. மரத்துல ஏறுறது ஆம்பளை, அடுப்புல வேகுறது அவங்க வீட்டுப் பொம்பளை. இவ்வளவும் செஞ்சு, கலப்படக் கருப்பட்டி விலைக்குத்தான் அதையும் கேக்குறாங்க. அப்புறம் யாரு அந்த வேலைக்கு வருவா?

நாங்க போன நேரத்துல ஒரு பெரியவர் தன் வரப்புல நின்ன பனைகளைச் செங்கல் சூளைக்கு விலை பேசிக்கிட்டிருந்தார். வெட்ட வேண்டாம் மாமான்னு கேட்டோம். "மரம் நிக்குது ஆத்தா, ஏற ஆளு இல்ல. சும்மா நிக்கிற மரத்தை வச்சு நான் என்ன பண்ண?"ன்னார். அவர் கேட்டதுல ஞாயம் இருக்கு. பனை நம்ம மாநில மரம். 2021-ல் அரசு போட்ட முதல் வேளாண் பட்ஜெட்டுல பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிச்சாங்க. 30 மாவட்டங்களுக்கு 76 லட்சம் பனை விதையும் ஒரு லட்சம் கன்றும் கொடுக்கப்போறதாச் சொன்னாங்க. பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னும் ஆச்சு. எல்லாம் நல்ல காரியம். ஆனா வெட்டாம வச்சிருக்கிறவருக்கு அந்த மரத்துலேர்ந்து ஏதாவது வந்தாத்தானே அவர் மனசும் நிலைக்கும்?

பனை நின்னா நமக்கு என்னன்னு கேக்கலாம். 2018 நவம்பர் 16 விடியக்காலையை நம்மள்ல யாரும் மறந்திருக்க மாட்டோம். கஜா புயல்ல பிள்ளையா வளர்த்த தென்னை எல்லாம் தோப்போட சாய்ஞ்சது. பனைகள் பெரும்பாலும் அப்படியே நின்னுச்சு. பனையோட சல்லிவேர் ஆயிரக்கணக்குல இறங்கி மண்ணைக் கட்டிப் பிடிச்சிருக்கும். அதனாலதான் பெரியவங்க கண்மாய்க் கரையிலயும் வரப்புலயும் கடலோர மணல்லயும் பனை வச்சாங்க. கரை உடைஞ்சா கண்மாய்ல தண்ணி நிக்காது. தண்ணி நிக்கலைன்னா வயல் காயும், கிணத்துல உப்பு ஏறும். கடலுக்குப் பக்கத்துல இருக்கிற நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அதனால நாங்க ஒரு ஏற்பாடு பண்ணினோம். மாசியிலேர்ந்து ஆனி வரைக்கும்தான் எங்க பக்கம் பதனீர். சீசன் தொடங்கும்போது பனை ஏறுற குடும்பத்துக்குக் கையில காசு இருக்காது. வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கிட்டா அவர் சொல்ற விலைதான். நாங்க குழுச் சேமிப்புல உள்கடன் எடுத்து, அந்தக் குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்தோம். சீனி சேர்க்கக் கூடாது, விலையைக் குறைச்சுக் கேக்க மாட்டோம், இதுதான் பேச்சு. அந்தப் பெரியவரோட மரங்களையும் அவங்களே குத்தகைக்கு எடுத்தாங்க. சூளைக்காரர் வேற இடம் பார்த்துட்டார். அந்த வரப்புப் பனை இன்னைக்கும் நிக்குது.

இப்ப செய்முறை. கேட்டுட்டே இருந்தீங்க, எழுதிக்கங்க. ரவை கால் கிலோ, கருப்பட்டி 300 கிராம், முட்டை 5, நெய் 100 கிராம், ஒரு மூடித் தேங்காயோட கெட்டிப் பால், ஏலக்காய், முந்திரி. ரவையை லேசா வறுத்துக்கங்க. கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணியில கரைச்சு ஒரு கொதி விட்டு, மண் போக வடிகட்டி, நல்லா ஆற வைக்கணும். சூடா ஊத்தினா முட்டை திரிஞ்சு போகும். எல்லாத்தையும் கலந்து ஒரு மணி நேரம் ஊற விடுங்க. நெய் தடவின கனமான சட்டியில ஊத்தி, கீழ தணல் கொஞ்சமாவும் மூடி மேல கூடுதலாவும் போடுங்க. முக்கால் மணி நேரம் கழிச்சு ஈர்க்குச்சியால குத்திப் பாருங்க. ஒட்டாம வந்தா இறக்கிடலாம். தேங்காய்ப் பால் சேர்க்கிறதால ரெண்டு நாளுக்குள்ள சாப்பிட்டுடணும். அந்த ஒரு சட்டி தம்மடைக்குள்ள ரெண்டு லிட்டருக்கு மேல பதனீர் இருக்கு. இன்னொண்ணு, சர்க்கரை வியாதி உள்ளவங்க கருப்பட்டிதானேன்னு அள்ளிச் சாப்பிடாதீங்க. இதுவும் இனிப்புதான்.

விற்பனையில பெரிய லாபம்னு சொல்ல மாட்டேன். கல்யாண ஆர்டர், பெருநாள் ஆர்டர், பள்ளிக்கூட விழான்னு வருது. மழைக்காலத்துல கருப்பட்டி கசியும். பானையில போட்டு அடுப்புக்கு மேல பரண்ல வச்சுத்தான் காப்பாத்துறோம். ஆனா வாங்கின உள்கடனை வட்டியோட அடைச்சிட்டோம். அடுத்த சீசனுக்கும் முன்பணம் கொடுத்தாச்சு.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தைப் பாருங்க. பனம்பழத்துல பனங்காய்ப் பணியாரம், கிழங்கைக் காயவச்சு இடிச்சு ஒடியல் மா, அதுல கூழ்னு இன்னைக்கும் சமைக்கிறாங்க. பனைக்குன்னே அங்க பனை அபிவிருத்திச் சபை ஒண்ணு இருக்கு. இங்கயும் பனை இருக்கு, பலகாரமும் இருக்கு. ரெண்டையும் சேர்க்கிற வேலையைக் கூட்டமைப்பு எடுத்துக்கணும்னு கேட்டுக்கறேன்.

மூணே மூணு கோரிக்கை. ஒண்ணு, வருஷா வருஷம் மாசி மாசம் பனைத் தொழில் குடும்பங்களுக்குக் கூட்டமைப்பு நிதியிலேர்ந்து சீசன் கடன் கொடுக்கணும். அந்த வீட்டுப் பெண்களையும் குழுவில சேர்க்கணும். ரெண்டு, நம்ம மாதக் கூட்டங்கள்ல பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதிலா கருப்பட்டியில செஞ்ச பலகாரம் ஏதாவது வைக்கணும். அது தம்மடையாத்தான் இருக்கணும்னு இல்லை, பணியாரமும் கொழுக்கட்டையும் போதும். மூணு, ஆவணி புரட்டாசியில விழுற பனங்கொட்டையைப் பொறுக்கி, ஊராட்சியில கேட்டு, கண்மாய்க் கரையில ஊனணும். கிழங்குக்குப் போடுற பாத்தி வேற, மரத்துக்கு ஊனுற விதை வேற. அந்த விதையைத் தோண்டிடக் கூடாது. இன்னைக்கு ஊனினா பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும் பாளை விட. நம்ம பேரப்பிள்ளைக தம்மடை சாப்பிட நாம இப்பவே ஊனணும்.

மத்தியானப் பந்தியில ஆளுக்கு ஒரு துண்டு வைக்கிறோம். சாப்பிட்டுப் பாருங்க. பிடிச்சிருந்தா, சாயங்காலம் தீர்மானம் வரும்போது கை தூக்குங்க.