கேளாமல் இடும் சோறு



ஒன்றை வேண்டிக் கேட்பவர் ஆளும் சொற்கள் மூன்று என்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரம். உயர்ந்தோரிடம் கேட்பவர் ‘ஈ’ என்பார். ஒத்தோரிடம் ‘தா’ என்பார். தாழ்ந்தோரிடம் ‘கொடு’ என்பார். கேட்கும் சொல்லே கேட்பவரின் நிலையைக் காட்டிவிடுகிறது. பசித்தவர் வாய்திறக்கத் தயங்குவதும் இதனால்தான்.

கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டக் கோயில்களின் அன்னதானம் இத்தயக்கத்துக்கு மருந்து. பந்தியில் அமர்ந்தவர் எதையும் கேட்க வேண்டியதில்லை. இலை விரித்ததும் சோறு வருகிறது.

ஆனால், திருவிழாவுக்கு நாள் உண்டு. பசிக்கு நாள் இல்லை. 2021ஆம் ஆண்டு, நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், வருமானம் இழந்த மலேசியக் குடும்பங்கள் பல வாசலில் வெள்ளைக் கொடி கட்டின. அம்மூன்று சொற்களுள் ஒன்றையும் சொல்ல இயலாதவரின் சொல் அக்கொடி. கண்டவர்கள் இனம் பாராமல் அரிசியும் பருப்பும் கொண்டு சென்றனர்.

கொடி ஏறும்வரை காத்திருத்தல் நமக்கு அழகன்று. பந்தியின் நெறி அன்றாடத்துக்கும் வரவேண்டும். கோயில் மடைப்பள்ளியில் வாரம் ஒருநாளேனும் உலை ஏறட்டும். தனித்து வாழும் முதியோர் வீட்டுக்குத் தூக்குச்சட்டி கேளாமலே போய்ச் சேரட்டும். ஈகையின் இலக்கணம் அதுவே.