வீட்டில் அடி, வேலையிடத்தில் மௌனம்: நாம் என்ன செய்யலாம்?

(குடும்ப நலக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் சகோதரிகளில் சிலர், மனுவைக் கொடுத்த பிறகும் எழுந்து போகமாட்டார்கள். பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்வார்கள். அப்படி ஒரு சகோதரி வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை. சம்பளம் ஏறிய அன்றே ஏ.டி.எம். கார்டைக் கணவர் வாங்கிக்கொள்வார். கேட்டால் அடி. முகத்தில் காயம் தெரிகிற நாளில் லீவு போட்டுவிடுவார். "சபர் செய்யும்மா" என்று சொல்லி அனுப்பிவைத்தோம். சில மாதம் கழித்து மறுபடி வந்தார். லீவு அதிகமாகிவிட்டது என்று வேலையை விட்டே நிறுத்திவிட்டார்களாம். அவர் கையில் இருந்த ஒரே பிடிமானம் அந்த வேலைதான்.

அன்று நாங்கள் சொன்ன பதில் தவறு. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளரையும் கைநீட்டி அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அப்படியிருக்க, அடி வாங்கிக்கொண்டு வாய்மூடி இருப்பதற்குச் சபர் என்று பெயர் வைக்க நாம் யார்?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொதுவான சட்டம் இது. அடிப்பது மட்டும் வன்முறை அல்ல; கேவலமாகப் பேசுவது, மிரட்டுவது, செலவுக்குக் கொடுக்காமல் வதைப்பது, பாலியல் கொடுமை எல்லாமே வன்முறைதான். புகாரைப் பதிவு செய்யும் படிவத்திலேயே, சம்பளத்தைப் பறித்துக்கொள்வதும் வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதும் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டுள்ளன.

"கேஸ் போட்டால் அவரைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள், குடும்பம் உடைந்துவிடும்" என்று பயப்படுகிறோம். இந்தச் சட்டத்தில் முதலில் கிடைப்பது பாதுகாப்பு உத்தரவு. அதை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விவாகரத்து கேட்க வேண்டியதில்லை. குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியே தள்ளாமல் இருக்கவும், செலவுக்குப் பணம் பெறவும், பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவும் உத்தரவு கேட்கலாம். மாமனார் பெயரில் உள்ள வீடானாலும், அங்கே குடும்பமாக வாழ்ந்துவந்த மருமகள் இந்த உரிமையைக் கோரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மண வாழ்க்கையில் நடந்த கொடுமைக்கான பொறுப்பு, பிறகு விவாகரத்து ஆகிவிட்டது என்பதால் நீங்கிவிடாது என்று 2014-இல் ஒரு முஸ்லிம் சகோதரியின் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்தச் சட்டத்தில் வேலையிடத்துக்கும் இடம் இருக்கிறது. மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று, அந்தப் பெண் வேலை செய்யும் இடத்துக்குள் கணவர் நுழையக்கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். இரண்டு, குடியிருக்கும் ஊரில் மட்டுமல்ல, வேலை பார்க்கும் ஊரின் நீதிமன்றத்திலும் மனு கொடுக்கலாம். பூந்தமல்லியில் வீடு, அம்பத்தூரில் வேலை என்றால் அம்பத்தூரிலேயே கொடுக்கலாம். மூன்று, பாதிக்கப்பட்டவர்தான் புகார் செய்ய வேண்டும் என்பதில்லை. கூட வேலை செய்பவரோ சூப்பர்வைசரோ நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தவர் மீது வழக்கு வராது.

எஸ்டேட்டில் பட்டறையும் கம்பெனியும் நடத்தும் சகோதரர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒரு பெண் அடிக்கடி லீவு போட்டால், கணக்கை முடிப்பதற்கு முன் தனியாக அழைத்து, "வீட்டில் ஏதாவது கஷ்டமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதை ஒரு பெண் கேட்பது இன்னும் நல்லது. சொன்னதை நாலு பேரிடம் பரப்பாதீர்கள். கோர்ட்டுக்குப் போகும் நாளில் சம்பளம் பிடிக்காதீர்கள். அவருடைய ஷிப்ட் நேரத்தை, போன் நம்பரை யார் வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவையுங்கள். கேட்டில் வந்து ரகளை செய்தால் தேதி, நேரம் போட்டு எழுதிவையுங்கள், அது சாட்சியாகும். ஆதார் நகல், நிக்காஹ் சான்று, மருத்துவச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரமாக வைக்க ஒரு லாக்கர் கொடுங்கள். நியூசிலாந்தில் 2019 முதல் இத்தகைய தொழிலாளருக்கு ஆண்டுக்கு 10 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் இரக்கம் காட்ட முதலாளிக்குச் சட்டம் எதற்கு?

கம்பெனி இல்லாதவர்களும் இதில் அடக்கம். நம் வீட்டில் பாத்திரம் கழுவ வரும் பெண்ணுக்கு நம் வீடுதான் வேலையிடம். நாம்தான் அவருக்கு முதலாளி.

உதவிக்கு 181 என்ற எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குத் திருவள்ளூர் மாவட்ட சமூக நல அலுவலகம், அம்பத்தூர்காரர்களுக்குச் சென்னை மாவட்ட அலுவலகம். பாதுகாப்பு அலுவலரைப் பற்றி அங்கே கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உதவி உண்டு, எண் 15100. உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 112.

அந்தச் சகோதரி இப்போது வேறொரு இடத்தில் தைக்கிறார். சம்பளம் அவர் கையில்தான் இருக்கிறது. வழக்கு நடக்கிறது, துஆ செய்யுங்கள். இனி நம்மிடம் வந்து உட்காரும் எந்தச் சகோதரியிடமும் "சபர் செய்யும்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பமாட்டோம், இன்ஷா அல்லாஹ். நம் வீடுகளை நிம்மதியின் இடமாக அல்லாஹ் ஆக்கி வைப்பானாக, ஆமீன்.