மோட்டார் விபத்தில் அஜாக்கிரதையை ருஜுப்பித்தல்
(நமது சங்க மாதக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கோயமுத்தூரினின்று பொள்ளாச்சிக்கும் பல்லடத்துக்கும் அவிநாசிக்கும் செல்லும் சாலைகளில் உற்றாரைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம்முள் பல. துக்கம் நேர்ந்த அன்று பங்காளிகள் கூடிப் பிரேதத்தை வீட்டுக்குக் கொணர்வதிலேயே கருத்தாயிருக்கின்றனர். விபத்தைக் கண்ணாற் காணாத மைத்துனர் ஒருவர் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிய புகாரைப் படியாமலே கையொப்பமிட்டுத் திரும்புகிறார். "இருட்டில் தடுமாறி விழுந்தார்" என்று அதிற் கண்டுவிட்டால், இன்ஷியூரன்ஸ் கம்பெனியார் அவ்வொரு வரியைக் கடைசிவரை விடார். ஆகவேதான் இவ்விஷயத்தைப் பேச எடுத்துக்கொண்டோம்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் இரு வழிகள் உள. 164-ஆவது பிரிவில் பிழை யாருடையதென்று காட்ட வேண்டுவதில்லை, மரணத்துக்கு ரூ. 5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ. 2½ லட்சம் என்பது வரையறை. 166-ஆவது பிரிவிலோ எதிர் வண்டியோட்டியின் அஜாக்கிரதையை ருஜுப்பித்தாக வேண்டும். ஏன் இத்தொல்லை எனில், கணக்கைப் பாருங்கள். மாதம் ரூ. 24,000 ஈட்டிய 35 வயதினர் ஒருவர், மனைவியையும் இரு மக்களையும் விட்டு இறந்தார் என்போம். சொந்தச் செலவுக்கு மூன்றிலொரு பங்கு கழித்து, சுப்ரீம் கோர்ட்டார் 2009-ல் வகுத்தபடி 16-ஆற் பெருக்கினால் ரூ. 30,72,000 ஆகிறது. வருங்கால வருவாய்க்கான சேர்ப்பு வேறு. பாதிப் பிழை இறந்தவருடையதே என்று தீர்ந்தாலோ அதிற் பாதி போயிற்று.

கிரிமினல் கோர்ட்டில் டிரைவர் விடுதலையானால் எல்லாம் முடிந்ததென்று நம்மவர் சோர்ந்துவிடுகின்றனர். அது தவறு. சென்னை ஹைகோர்ட்டினின்று மேற்சென்ற என்.கே.வி. பிரதர்ஸ் பஸ் வழக்கைக் கேளுங்கள். இராக்காலத்தில் சாலைமேல் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பஸ் பட்டது; பாதிக்கப்பட்டோர் 26 பேர், அவர்களுள் அவ்விடத்திலேயே மாண்டவர் 8 பேர். தெய்வச் செயலென்று டிரைவர் விடுதலை பெற்றார். ஆயினும், பிரயாணிகள் கூக்குரலிட்டும் அவர் வண்டியை விரைந்து செலுத்தினார் என்று டிரிப்யூனல் கண்டு நஷ்ட ஈடு விதித்தது. 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கம்பெனியின் மனுவைத் தள்ளினார். சந்தேகத்துக்கிடமற்ற ருஜு கிரிமினல் வழக்குக்கு உரியது. இங்கே இப்படி நடந்திருக்கவே அதிக இடமுண்டு என்று காட்டினாற் போதும்.

சில இடங்களில் நிகழ்ச்சி தானே சாட்சி பகரும். மரத்தில் மோதிய கார் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1977-ல் இவ்வாறே முடிவு செய்தது: அத்தகைய விபத்தில் காரணம் சொல்லும் பாரம் வண்டிக்காரர் மேற் செல்லும். 2020 பிப்ரவரி 20-ல் அவிநாசியருகே கண்டெயினர் லாரியொன்று நடுத்தடுப்பைக் கடந்து கேரள அரசு பஸ்ஸில் மோதி 19 பேர் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். டயர் வெடித்ததா, டிரைவர் கண்ணயர்ந்தாரா என்ற கேள்வி அன்றே எழுந்தது. தன் பாதையில் வந்த பஸ்ஸிலிருந்தோரை யார் குறைகூற முடியும்?

நமது பெரும்பாலான வழக்குகள் அத்துணைத் தெளிவானவையல்ல. மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போனவரைக் கார் இடித்திருக்கும். பார்த்தவர் ஒருவரே இருப்பார். அவர் பெயரைப் புகாரிற் சேர்க்கவும். பார்வை மகஜர், ஸ்தல வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் நகல்களைப் பெறவும். பக்கத்துப் பெட்ரோல் பங்கின் காமிராப் பதிவு சில வாரங்களில் அழிந்துவிடலாம், உடனே கேட்கவும். லைசென்ஸ் இல்லாததோ, மூவர் ஏறிச் சென்றதோ தானாகவே பிழையாகாது. அதனால் விபத்து விளைந்ததென்று எதிரிதான் காட்டவேண்டுமென்பது சுப்ரீம் கோர்ட்டின் கொள்கை.

வண்டிக்காரர் நமக்கு வேண்டியவரென்று ஊரிலே பேசி முடித்துக் கேஸ் எழுதாது விடுவாரும் உளர். கேஸ் எழுதினால் அவருக்குத் தொல்லை வருமென்பது மெய்யே. ஆனால், பாலிசி உயிருடனிருந்தால் பணம் கொடுப்பது கம்பெனியன்றோ? நாம் காக்கும் அந்தத் தாட்சணியத்துக்கு விலை கொடுப்பவள் விதவை.

2022 ஏப்ரல் 1 முதல் 6 மாதக் கெடு உண்டு. அதனை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குகள் எழுந்துள்ளன. அவற்றை நம்பி நாட்கடத்தலாகாது. விபத்து எவ்வூரில் நேரினும் நாம் வசிக்குமிடத்து டிரிப்யூனலிலேயே மனுச் செய்யலாம். கருமாதி கழிந்த வாரமே காகிதங்களுடன் வக்கீலைக் காண்க.