வண்டியே வீடானால்



விடுமுறை நாளில் செகிஞ்சான் பக்கமோ, ஜெராம் பந்தாய் ரெமிஸ் பக்கமோ போனால், படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து மாற்றிய வேன்களைப் பார்க்கலாம். வேலை ஓய்ந்த பிறகு அப்படியொரு வேனிலேயே குடியிருந்து ஊர் சுற்றலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டை நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறிய குடும்பங்கள் நிறைந்தது நம் கோல சிலாங்கூர் வட்டாரம். தனக்கென்று ஒரு வீடு, அது நாலு சக்கரத்தில் இருந்தால்தான் என்ன என்று ஒருவருக்குத் தோன்றினால் நான் குறைசொல்ல மாட்டேன். காப்புறுதி எடுக்கும்போது மட்டும் அவர் அவசரப்படக் கூடாது.

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் அது பொறுப்பேற்கும். நம் வண்டி எரிந்து போனால் ஒரு வெள்ளியும் வராது. ரோட் டேக்ஸ் எடுக்க அது போதும், குடியிருக்கப் போதாது. ஆகவே 'ஃபர்ஸ்ட் பார்ட்டி' என்று நாம் சொல்லும் முழுக் காப்புறுதிதான் வேண்டும்.

அதை எடுத்தவர்களும் ஏமாறும் இடம் வெள்ளம். 2021 டிசம்பரில் சிலாங்கூர் தண்ணீரில் மிதந்தபோது, முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாகச் சேர்வதில்லை என்பது கார் மூழ்கிய பிறகே பலருக்குத் தெரிந்தது. 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்ற பிரிவைக் கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளம், புயல், நிலச்சரிவு எல்லாம் அதில் வரும். கோல சிலாங்கூரில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடலின் பெரிய ஏற்றம். இந்த மாவட்டத்தில் வண்டியிலேயே தூங்கப் போகிறவர் வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பார்க்கட்டும், இதில் பார்க்க வேண்டாம்.

அடுத்தது சாமான். லயத்தில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அந்தக் கட்டடத்துக்கு நிர்வாகம் எடுத்த காப்புறுதி நம் அலமாரிக்கும் தொலைக்காட்சிக்கும் பொருந்தாது. வண்டியிலும் அதே கதைதான். மோட்டார் காப்புறுதி வண்டிக்கு மட்டுமே. மெத்தை, துணிமணி, நகை, கைப்பேசி எதுவும் அதில் அடங்காது. வீட்டுப் பொருள்களுக்கான காப்புறுதி நிலையான முகவரியை வைத்தே எழுதப்படுவதால், இரவுக்கு ஓர் இடத்தில் நிற்கும் வேனுக்கு அது பொருந்துமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜெண்ட் வாயால் சொன்னது பின்னால் நிற்காது. கூரையில் பொருத்திய சோலார் தகடு, உள்ளே பதித்த குளிர்பெட்டி போன்றவற்றைத் தனியாகக் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும்.

வண்டியை மாற்றியமைத்ததை மறைக்காதீர்கள். சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) அனுமதி பெற்று, காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். சொந்தப் பயன்பாடு என்று எழுதிவிட்டு பாசார் மாலாமில் அதே வேனில் வியாபாரம் செய்தால், இழப்பீடு கேட்கும் நாளில் அதுவே தடையாகிவிடும்.

பிரிமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்து எழுதுவதும் ஆபத்து. சந்தையில் 60,000 ரிங்கிட் பெறும் வேனை 45,000 என்று எழுதினால், 12,000 ரிங்கிட் சேதத்துக்கு 9,000தான் கிடைக்கும். மீதி நம் கையிலிருந்து போகும். வேனை மாற்றியமைக்கப் பெருந்தொகை செலவழித்தவர், இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் காப்புறுதி தரும் நிறுவனத்தைத் தேடுவது நல்லது என்பது என் கருத்து.

உடன் பயணிப்பவர்களுக்குக் காயம் பட்டால் ஏற்படும் சட்டப் பொறுப்புக்கும் தனிச் சேர்க்கை உண்டு. குடும்பத்தோடு வாழும் வண்டியில், வீட்டாருக்கும் அது பொருந்துமா என்று நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான காப்புறுதி மலேசியா, சிங்கப்பூர், புருணைக்குள்தான் செல்லும். ஹாட்யாய் வரை போகிறவர்கள் தாய்லாந்துக்கென்று தனியாக எடுக்க வேண்டும்.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்யுங்கள். இழப்பீட்டை நிறுவனம் மறுத்து, அந்த முடிவு நியாயமில்லை என்று பட்டால், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தை ஆம்பட்ஸ்மன் சேவையிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமில்லை. ஆனால் நிறுவனத்தின் இறுதிக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அந்தக் கடிதத்தைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள்.